பாதி ஈரல் – 11. செம்மலின் ரத்தம்

"தம்பி, கடைசியா எப்போ குடிச்சீங்க?"

காய்ச்சல் எப்போது வந்தது என்று கேட்பதுபோலத்தான் டாக்டர் சரிதா கேட்டார்.

செம்மல் முதலில் அக்காவைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

"நான் குடிக்கிறதில்லையே மேடம்."

அந்த வீட்டில் யாருமே குடிப்பதில்லை. அவன் அப்பா ஜானகிராமன் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனால் புதுச்சேரியில் பிறந்து, மில்லில் வேலை பார்த்து, மில் மூடிய பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனி கேட்டில் காவலுக்கு உட்கார்ந்த மனிதருக்கு ஈரல் சுருங்கிப்போனால், குடிக்கவில்லை என்று சொல்வதை யார் நம்புகிறார்கள்? பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பழத்தை வைத்துவிட்டு, "இப்பயாவது விட்டாரே" என்று அவர் மனைவி செல்வாம்பாளின் காதில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இரண்டு வருடம் மாத்திரையோடு ஓடிய உடம்பு, இந்த ஆடியில் திடீரென்று மஞ்சளாகிப் படுத்துவிட்டது. உயிரோடு இருக்கும் ஒருவரின் ஈரலில் பாதியை எடுத்து வைத்தால்தான் உண்டு என்றார்கள். மனைவிக்கும் மூத்தவள் சுடர்விழிக்கும் ரத்த வகை சேரவில்லை. இளையவன் செம்மலுக்குச் சேர்ந்தது. ஸ்கேனும் சரியாக வந்தது. வரும் புதன்கிழமை ஆபரேஷன்.

அதற்கு முன் கடைசியாக ஒருமுறை எடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட் இப்போது டாக்டரின் மேசையில் இருந்தது.

"போன மாசம் எல்லாம் நார்மல். ஏ.எல்.டி. இருபத்தெட்டு. இப்போ இருநூத்திப்பத்து. ஈரல் செல் உடைஞ்சா அதுக்குள்ள இருக்குற இந்த என்சைம் ரத்தத்துல கசியும். நல்லா இருந்த ஈரலுக்கு ஒரு மாசத்துல என்னமோ ஆகியிருக்கு. கிருமி எதுவும் இல்ல, அதையும் பார்த்துட்டோம்."

டாக்டர் பக்கத்தைத் திருப்பினார்.

"நாட்டு மருந்து, லேகியம், ஜிம்முல குடுக்குற பவுடர், அந்த மாதிரி ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள் செல்வாம்பாள் முந்திக்கொண்டு. "ஆஸ்பத்திரி மாத்திரையத் தவிர வேற மருந்து என் வூட்டுக்குள்ள வராது."

டாக்டர் ஃபைலை மூடினார்.

"புதன்கிழமை ஆபரேஷன் இல்ல. இப்படி இருக்குற ஈரலை அறுத்தா ரெண்டு பேர் உயிருக்கும் ஆபத்து. பத்து நாள் கழிச்சு மறுபடி ரத்தம் பார்க்கலாம். ஆனா ஒண்ணு. குடிக்கிறதை மறைக்கிறவங்களை டோனரா எங்க கமிட்டி ஒத்துக்காது."

"பத்து நாள் அப்பா..." என்று தொடங்கி சுடர்விழி நிறுத்தினாள்.

"தாங்கணும்" என்றார் டாக்டர்.

வெளியே வராந்தாவில் செல்வாம்பாள் மகனைச் சுவரோரம் நிறுத்தினாள்.

"ஊதுடா."

"மா, ஜனங்க பாக்குறாங்க."

"ஊதுடான்றேன்."

இருபத்து நான்கு வயதுப் பையன் அம்மாவின் முகத்துக்கு நேராக ஊதினான். டிராலி தள்ளிப்போன நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள்.

"பேஸ்ட் வாசனைதான் வருது."

"அப்புறம் இன்னா?"

"இன்னிக்குப் பேஸ்ட் வாசனை. நேத்து இன்னா வாசனையோ. உங்கப்பன் குடிக்காமலே கெட்ட பேரு வாங்கினாரு. நீ குடிச்சிட்டு நல்ல பேரு வாங்கலாம்னு பாத்தியா?"

 செம்மல் ஹெல்மெட்டைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றான்.

சுடர்விழிக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடித்தாள்.

*

அவள் வேலை பார்ப்பது ஊருக்கு வெளியே ஒரு கால்நடை ஆராய்ச்சிக்கூடத்தில். விடிந்ததும் முதல் பஸ்ஸில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். ஆடு மாடுகளின் ரத்தத்தைச் சுழலவிட்டு, மேலே தெளியும் சீரத்தில் ஈரல் என்சைம்களை அளப்பது அவள் வேலை.

அன்றைக்கு பாகூர் பக்கத்திலிருந்து ஆறு குழாய்கள் வந்திருந்தன. ஆட்டின் சீரம் ஏறக்குறைய தண்ணீர் நிறத்தில் இருக்க வேண்டும். இந்த ஆறும் மஞ்சளாக இருந்தன.

பக்கத்து மேசையில் டாக்டர் லூர்துபிரகாஷ் ஆட்டுக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆடு என்ன தின்னுச்சு? ... புல்லுதான்னு சொல்லாதீங்க. புல்லு தின்னா கண்ணு மஞ்சளாகாது. வேலியோரம் என்ன இருக்கு? ... ஒண்ணுமில்லையா? நல்லா யோசிங்க. ... செடியா? என்ன செடி? கொத்துக் கொத்தா சின்னப் பூ இருக்குமே, உண்ணிச்செடி, அதுவா?"

போனை வைத்துவிட்டு அவர் சுடர்விழியிடம் சொன்னார்: "நாலு தடவை கேட்டேன்மா. நாலு தடவையும் ஒண்ணுமில்லைன்னான். அஞ்சாவது தடவை, செடிதான் சார்ங்கிறான். செடின்னா அவனுக்கு ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்."

அவள் சிரிக்க முயன்றாள். வரவில்லை. குழாய்களை மெஷினில் வைத்துவிட்டு, போனை எடுத்து, காலையில் படம் பிடித்த தம்பியின் ரிப்போர்ட்டைத் திறந்தாள்.

காலையில் டாக்டர் வாய் திறந்ததிலிருந்து அவளும் ஒரே ஒரு எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இருநூற்றுப் பத்து. இப்போது மற்றவற்றைப் பார்த்தாள். தொடர்ந்து குடிப்பவர்களின் ரத்தத்தில் ஜி.ஜி.டி. என்ற என்சைம் பெரும்பாலும் ஏறியிருக்கும். செம்மலுக்கு ஏறவில்லை. ஏ.எஸ்.டி. என்ற இன்னொரு என்சைம், ஏ.எல்.டி.யைவிட இரண்டு மடங்கு போகும். செம்மலுக்கு அது பாதிதான் இருந்தது. சிவப்பணுக்கள் பெருத்திருக்கும். இவனுக்கு அளவாக இருந்தன.

இது குடித்துக் கெட்ட ஈரல் போலத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில், என்ன குடித்தாய் என்று கேட்டார்கள். இங்கே முதலில், என்ன தின்றது என்று கேட்பார்கள். தினமும் அதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தவள், தம்பியிடம் அதைக் கேட்கவேயில்லை.

"சார், எனக்கு மதியத்துக்கு மேல லீவு வேணும்."

லூர்துபிரகாஷ் காரணம் கேட்கவில்லை. "அப்பா எப்படி இருக்காரு?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியல சார்" என்றாள்.

*

முதலியார்பேட்டை வீட்டில் செம்மல் மின்விசிறிக்கு நேர் கீழே தரையில் படுத்திருந்தான்.

"சாப்பிட்டியா?"

"அம்மா போடல. வந்ததும் இன்னொரு தடவை ஊதச் சொன்னாங்க."

சுடர்விழி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு மாசமா இன்னா துன்ற? ஒண்ணு விடாம சொல்லு."

"இன்னாக்கா, நீயும் ஆரம்பிச்சிட்ட."

"குடியக் கேக்கல. துன்றதக் கேக்குறேன்."

"காலையில இட்லி. மதியம் கம்பெனி கேன்டீன் சாம்பார். அதத் துன்னு ஈரல் போகும்னா பாதி சேதராப்பட்டு ஆஸ்பத்திரியில கெடக்கணும்."

"இட்லிக்கு முன்னாடி?"

"பல்லு வெளக்குவேன். அம்மா குடுக்குற தண்ணி குடிப்பேன்."

"இன்னா தண்ணி?"

"அதான், கசக்குமே. வெறும் வயித்துல." அவன் முகத்தைச் சுளித்தான். "உனக்குக் குடுக்க மாட்டாங்களா?"

சுடர்விழி எழுந்து சமையலறைக்குப் போனாள்.

செல்வாம்பாள் அருவாமனை முன்னால் உட்கார்ந்திருந்தாள். முறத்தில் விரல் தடிமனில் பச்சைத் தண்டுகள். மேல்தோலைச் சுரண்டி, துண்டு துண்டாக நறுக்கி, அம்மிக்கல்லில் தட்டி வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் தண்ணீர் கொதித்தது.

"இது இன்னாமா?"

"சீந்தில் கொடி. மில்லு காம்பவுண்டு வேப்பமரத்துல சும்மா பாம்பு மாதிரி தொங்குது. பக்கத்து வூட்டு அஞ்சலாட்சிதான் காட்டுனா. வேப்பமரத்துல ஏறுனதுதான் ஒசத்தியாம்."

"யாருக்கு?"

"தம்பிக்குத்தான். ஒடம்ப அறுத்துக் குடுக்கப்போற புள்ள. அந்த ஈரலுக்கு ஒரு பலம் வேணாமா? அவன் குடிச்சதுக்கு இது மட்டும் இல்லன்னா இருநூறா இருக்கும்? நானூறாயிருக்கும்."

"நாட்டு மருந்து உண்டான்னு டாக்டர் கேட்டாங்களேமா."

செல்வாம்பாள் கை நிற்காமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"இது மருந்தா? மருந்துன்னா டப்பாவுல இருக்கும். இது நானே பறிச்சு நானே காய்ச்சறது. வூட்ல ரசம் வெக்கிறியான்னு கேட்டா ஆமான்னு சொல்லியிருப்பேன்."

"எத்தினி நாளா?"

"இவன்தான் குடுக்கப்போறான்னு முடிவாச்சு பாரு, அப்போலேர்ந்து. உங்கப்பாவுக்கு ஆனியிலேர்ந்து."



ஆடியில்தான் அப்பா மஞ்சளானார்.

"அப்பாவுக்கும் குடுத்தியா?"

"மொதல்ல அவருக்குத்தான் குடுத்தேன். இப்பவும் சாயந்திரம் பிளாஸ்குல எடுத்துனு போறேனே, வெந்நின்னா நெனச்ச? நீ கத்துவன்னுதான் சொல்லல. படிச்சவளாச்சே."

அம்மாவின் குரலில் சின்னப் பெருமை இருந்தது. சுடர்விழி பேச வாயெடுத்தாள். அருவாமனையை அழுத்தியிருந்த அம்மாவின் கால் பெருவிரலைப் பார்த்தாள். மாடிப்படி ஏறினாள்.

செம்மல் பின்னாலேயே மொட்டை மாடிக்கு வந்தான்.

"அக்கா, இன்னா ஆச்சு?"

அவள் சொன்னாள். அந்தக் கொடியைக் குடிக்கிற எத்தனையோ பேருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சிலருடைய உடம்பு அதைத் தாங்காது. அவர்கள் உடம்பே அவர்கள் ஈரலைத் தாக்க ஆரம்பித்துவிடும். அந்தக் குணம் சில நேரம் ஒரே குடும்பத்தில் இருக்கும். கல்லூரி முடித்த வருடம் இதைப் பற்றி நிறையப் படித்திருந்தாள்.

"அப்ப என் ரத்தத்துல இருக்கிறது அதுதானா?"

"அப்படித்தான் தெரியுது. நிறுத்தினா எறங்கிடும். அனேகமா."

செம்மல் முதல்முறையாக மூச்சை நன்றாக விட்டான். பிறகு அவன் முகம் மாறியது.

"அப்பாவுக்கு?"

அவள் பக்கத்து வீட்டு மாடியில் காயும் துணிகளைப் பார்த்தாள்.

"சொல்லுக்கா. அப்பா நல்லாத்தானே இருந்தாரு. ஷிஃப்டுக்குப் போயிட்டு வந்துனுதானே இருந்தாரு."

"ஆனியில குடிக்க ஆரம்பிச்சாரு. ஆடியில மஞ்சளானாரு. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

"அதனாலதானா?"

"அதனாலன்னு நிரூபிக்க முடியாது. இல்லன்னும் என்னால சொல்ல முடியல."

கீழே தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. செம்மல் கைப்பிடிச் சுவர் மேலாக எட்டிப் பார்த்தான். அம்மா பையும் பிளாஸ்குமாக ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லாதக்கா."

"டாக்டர்கிட்ட சொல்லியாகணும்டா. இல்லன்னா உன்ன எடுக்க மாட்டாங்க."

"டாக்டர்கிட்ட தனியா சொல்லு. அம்மாவுக்குத் தெரிய வேணாம். நாளைக்கு அப்பாவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா..." அவன் முடிக்கவில்லை. பைக் சாவியை எடுத்தான். "மொதல்ல அந்த பிளாஸ்க நிறுத்தணும். வா."

வெள்ளிக்கிழமை சாயந்திரம். வெளியூர் கார்கள் ஊருக்குள் வந்துகொண்டிருந்தன. ஒயின் ஷாப் வாசலில் வண்டிகள் சாலையை அடைத்து நின்றன. வழிவிடச் சொல்லி செம்மல் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். யாரும் நகரவில்லை.

*

அவர்கள் வார்டுக்குள் நுழைந்தபோது டம்ளர் ஜானகிராமனின் கையில் இருந்தது.

"கண்ண மூடிக்கினு ஒரே மடக்கா குடிச்சிடுங்க" என்றாள் செல்வாம்பாள்.

"இதக் குடிக்கிறதுக்கு நான் சாராயமே குடிச்சிருக்கலாம். பேராவது பொருந்தியிருக்கும்" என்றார் அவர். கண்கள் மஞ்சள். கைகள் மெலிந்து, வயிறு மட்டும் தனியாக உயர்ந்திருந்தது. ஆனாலும் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார்.

"அப்பா, குடிக்காதீங்க."

அவர் நிறுத்தினார். செல்வாம்பாள் திரும்பினாள்.

"ஏண்டி?"

சுடர்விழி டம்ளரை வாங்கக் கையை நீட்டினாள். அம்மா அவளைப் பார்த்தாள். அவள் கையைப் பார்த்தாள். பிறகு டம்ளரைப் பார்த்தாள்.

"ஏன் குடிக்கக் கூடாது? சொல்லு."

"நான் குடிச்சேன்மா" என்றான் செம்மல்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

"கம்பெனி பசங்களோட. ஒரு மாசமா. நீ சொன்னதுதான் சரி. காலையில பொய் சொன்னேன்."

செல்வாம்பாள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. தலையில் அடித்துக்கொள்ளவில்லை. டம்ளரை மறந்துபோனாள். செம்மலுக்கு வேண்டியது அதுதான்.

ஆனால் ஜானகிராமன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மகனை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன்டா?"

 செம்மல் தலையைக் குனிந்துகொண்டான்.

"இப்பயாவது சொன்னீங்களே, நல்லது."

திரைச்சீலை ஓரத்தில் டாக்டர் சரிதா நின்றிருந்தார். ரவுண்ட்ஸுக்கு வந்தவர். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"அப்போ இவரை டோனர்லேர்ந்து எடுத்துடுறோம். சொந்தத்துல வேற யாராவது இருக்காங்களான்னு பாருங்க. சீக்கிரம் பாருங்க."

வேறு யாரும் இல்லை. சித்தப்பாவுக்குச் சர்க்கரை. அத்தை மகன் பார்க்கவே வரவில்லை. டாக்டர் திரும்பி நடந்தார். செம்மல் தலை நிமிரவில்லை. அம்மாவுக்காக இப்படியே விட்டுவிட அவன் தயாராக இருந்தான்.

"அவன் குடிக்கல, டாக்டர்."

"அக்கா" என்றான் செம்மல் மெதுவாக.

"குடிக்கல. ஜி.ஜி.டி.யைப் பாருங்க. அது ஏறவே இல்ல." சுடர்விழி டம்ளரை எடுத்து நீட்டினாள். அவசரத்தில் கொஞ்சம் போர்வையில் சிந்தியது. "சீந்தில் கசாயம். அவனுக்கு ஒரு மாசமா. அப்பாவுக்கு ஆனியிலேர்ந்து."

டாக்டர் டம்ளரை வாங்கி முகர்ந்தார். இன்னும் சூடாக இருந்தது.

"யார் குடுத்தது?"



"சுத்தமான பாத்திரம்தான் மேடம்" என்றாள் செல்வாம்பாள். எழுந்து நின்றிருந்தாள். "நல்லா கழுவித்தான் காய்ச்சினேன். கொடியையும் மூணு தண்ணி விட்டு அலசினேன்."

 டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாத்திரத்துல தப்பு இல்லம்மா. இது சில பேரு ஒடம்புக்குச் சேராது. அவ்வளவுதான். இன்னையோட ரெண்டு பேருக்கும் நிறுத்திடுங்க. தம்பிக்கு இப்பவே ரத்தம் எடுக்கச் சொல்றேன். பத்து நாள்ல நம்பர் எறங்கினா மறுபடி தேதி போடலாம்."

"அவருக்கு?"

"அவருக்கும் வேற சில டெஸ்ட் பார்க்கணும்."

"அவரு படுத்ததும் இதனாலயா?"

"எனக்கு முன்னாடியே சுருங்கினதுதானே செல்வா" என்றார் ஜானகிராமன்.

"நான் உங்களக் கேக்கல." அவள் கண் டாக்டரை விட்டு நகரவில்லை.

"இருக்கலாம்மா" என்றார் டாக்டர். "உறுதியா சொல்ல முடியாது."

செல்வாம்பாள் தலையாட்டினாள். பிளாஸ்கின் மூடியைத் திருகி இறுக்கினாள். இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள். செம்மல் போய் அதை அவள் கையிலிருந்து வாங்கினான். நர்ஸ் வந்து அவனைக் கூப்பிட்டதும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வெளியே போனான். போகும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கஞ்சி வந்தது. அட்மிட் ஆன நாளிலிருந்து ஜானகிராமனுக்கு செல்வாம்பாள்தான் ஊட்டுவாள். வேறு யாரையும் விடமாட்டாள். பழக்கத்தில் கிண்ணத்தை எடுத்தாள். ஸ்பூனால் கலக்கினாள். ஒரு ஸ்பூன் அள்ளினாள்.

கை பாதி வழியில் நின்றது.

கஞ்சியை மறுபடி கிண்ணத்திலேயே விட்டுவிட்டு, கிண்ணத்தை சுடர்விழியிடம் நீட்டினாள்.

"நீ குடு."

"மா..."

"நீயே குடுடி."

கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுற்றி வைத்துக்கொண்டாள்.

சுடர்விழி ஸ்பூனை அப்பாவின் வாயருகே கொண்டுபோனாள். அவர் உதட்டை மூடிக்கொண்டார்.

"அவ குடுக்கட்டும்."

"ஆறிடும்பா."

"ஆறட்டும்."

செல்வாம்பாளுக்குக் கேட்டிருக்கும். நாலடி தூரம்தான். அவள் முதுகு அசையவில்லை.

சுடர்விழி ஸ்பூனை நீட்டியபடியே இருந்தாள். கஞ்சியின் மேல் ஏடு படிந்தது. அப்பா வாயைத் திறக்கவில்லை. அம்மா திரும்பவில்லை.